வெண்கொற்றக்குடையின் கீழ் பூக்காரம்மா: மதுரைத் தெருவை மினியேச்சர் ஓவியமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மினியேச்சர், அதாவது சிற்றோவியம், என்றதும் ராதையும் கிருஷ்ணனும் மரத்தடியில் நிற்பதோ, ராஜஸ்தான் இளவரசி மாடத்தில் சாய்ந்து மேகம் பார்ப்பதோதான் பெரும்பாலோர் கண்ணில் வரும். மதுரையில் ஓவியம் கற்கிற பிள்ளைகளும் அந்தப் படங்களையே பார்த்துப் பார்த்து வரைகிறார்கள். கை படிய அது நல்ல பயிற்சி. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், இந்தக் கலை நமக்குத் தரக்கூடியதில் பாதிகூடக் கைக்கு வராது. ஒரு சின்னத் தாளில் யாரை நடுவில் உட்காரவைப்பது, யாரை ஓரத்துக்கு அனுப்புவது, எத்தனை நேரங்களையும் இடங்களையும் ஒன்றாக அடுக்குவது என்பதற்கெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் பண்படுத்தப்பட்ட இலக்கணம் அதற்குள் இருக்கிறது. அந்த இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு நம் தெருவை வரைய வேண்டும் என்பதே என் ஆசை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, தாள் ஒட்டுவதிலிருந்து சட்டம் போடுவது வரை சொல்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் பெரிய குடையை விரித்து, பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா. ஏ4 அளவுத் தாள். பென்சிலில் மனித உருவத்தை ஓரளவு வரையத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

தூரிகை வாங்குவதற்கு முன் நல்ல மூலப் படங்களை நிறையப் பார்த்தாக வேண்டும். பயணம் போக முடிந்தால் ஹைதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்தில் தக்காணச் சிற்றோவியங்களையும், டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் முகலாய, ராஜபுத்திர, பகாரி (இமயமலைப் பக்கத்து) ஓவியங்களையும் பாருங்கள். முடியாவிட்டால், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் கிளீவ்லாந்து அருங்காட்சியகமும் தங்களிடமுள்ள ஏராளமான படங்களை இணையத்தில் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. போனில் வேண்டாம், கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு காதோரத்து முடியை எத்தனை கோடுகளில் வரைந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு படத்தை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பிச்சித்ர் என்ற ஓவியர் 1615-18 வாக்கில் வரைந்தது. மணல் கடிகாரத்தையே அரியணையாகக் கொண்டு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்குப் பின்னால் பெரிய ஒளிவட்டம். அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பெற்றுக்கொள்கிறவர் ஒரு சூஃபி பெரியவர். அவருக்குக் கீழே துருக்கி சுல்தான், அதற்கும் கீழே இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ், கடைசியில் கீழ் மூலையில், கையில் ஒரு படத்தோடு, ஓவியர் பிச்சித்ரே நிற்கிறார். உலகத்தில் யார் உயர்ந்தவர், யார் அடுத்தவர் என்ற வரிசை முழுவதையும் ஒரே தாளில் இடம் மாற்றி வைத்தே சொல்லிவிட்டார். வசனம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். ஜஹாங்கீருக்காகத் தொகுக்கப்பட்ட ஓர் ஆல்பத்தின் தாளில், நடுவில் அழகிய எழுத்தும், சுற்றியுள்ள ஓரப்பட்டையில் தாளை மெருகிடுகிறவர், புத்தகம் கட்டுகிறவர் எனப் பட்டறைத் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். பாரசீகத்திலும் வடக்கேயும் இந்த ஓரப்பட்டையை ஹாஷியா என்பார்கள். உழைக்கிறவர்கள் படத்துக்குள் நுழைந்த வாசல் அதுதான் என்று எனக்குத் தோன்றும். நம் படத்தில் அந்த வாசலை அகலமாகத் திறக்கப் போகிறோம்.

தற்காலக் கலைஞர்கள் இதே இலக்கணத்தை எப்படித் திருப்பியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும். பரோடாவில் படித்த நீலிமா ஷேக், 1984-ல் 'சம்பா வளர்ந்தபோது' என்ற 12 சிறு படங்களின் வரிசையை வரைந்தார். சைக்கிள் ஓட்டித் திரிந்த பெண், கல்யாணமாகிப் போன வீட்டில் வரதட்சணைக்காக எரிக்கப்படும் கதை. மென்மையான நிறங்களிலேயே அந்தக் கொடுமையைச் சொன்னதுதான் அதன் பலம். லாகூரில் பிறந்த ஷாஜியா சிக்கந்தர் மாணவியாக இருந்தபோது 1989-90-ல் வரைந்த 'சுருள்' என்ற நீண்ட ஓவியத்தில், வெள்ளை உடுத்திய ஒரு பெண் ஒரே வீட்டின் அறைதோறும் மறுபடி மறுபடி தோன்றுகிறாள். பழைய ஓவியர்கள் வேட்டைக் கதையைச் சொல்லப் பயன்படுத்திய உத்தி அது. அவர் அதை ஒரு பெண்ணின் நாளைச் சொல்ல எடுத்துக்கொண்டார். இம்ரான் குரேஷி 2013-ல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடித் தரையிலேயே இரத்தச் சிவப்பைத் தெளித்து, அந்தக் கறைகளுக்குள் சிற்றோவியத்து இலை இதழ்களை வரைந்தார்.

இதெல்லாம் வடக்கத்திச் சரக்கு, நமக்கு என்ன சொந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. தாளில் வரையும் மினியேச்சர் மரபு வடக்கிலும் தக்காணத்திலும்தான் பெரிதாக வளர்ந்தது என்பது சரிதான். நம் பக்கத்தில் ஓவியம் சுவரிலும் விதானத்திலும் துணியிலும் வாழ்ந்தது. அதனால் நமக்குக் கூடுதலாக ஒரு மூலதனம் கிடைத்திருக்கிறது. அழகர்கோயில் வசந்த மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள்; நாயக்கர் கால ராமாயணக் காட்சிகள். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சேதுபதிகளின் அரசவையும் போரும் சுவர் முழுக்க. நாயக்கர் கால ஓவியங்களில் காட்சிகள் பட்டை பட்டையாக ஓடும், பல இடங்களில் காட்சிக்குக் கீழே இன்னது இன்னது என்று எழுதியிருக்கும். இந்த இரண்டையும், பட்டையையும் எழுத்தையும், நம் தாளுக்குள் கொண்டுவருவோம்.

பூக்காரம்மாவிடம் போய் உட்காருங்கள்

அரசர் தலைக்கு மேல் குடை பிடிப்பது மினியேச்சரில் தவறாத அடையாளம். தமிழில் அதற்கு வெண்கொற்றக்குடை என்று சங்கப் பாட்டு முதல் பெயர் உண்டு. மதுரையில் வெயிலுக்குக் குடை விரித்துத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவைப் பார்த்தால், அரசருக்குரிய அத்தனை சின்னங்களும் அவரைச் சுற்றி ஏற்கெனவே இருப்பது தெரியும். தலைக்கு மேல் குடை. காலடியில் குவியல். எதிரே கைநீட்டி நிற்கும் கூட்டம். முகலாயப் பேரரசர்கள் தங்கள் உருவப்படத்தில் கையில் ஒரு பூவை ஏந்தியிருப்பார்கள். இவர் கையிலோ நாள் முழுக்கப் பூதான். நாம் புதிதாக எதையும் கற்பனை செய்து ஏற்ற வேண்டியதில்லை. இருப்பதைச் சரியான இடத்தில் வைத்தால் போதும்.

படத்துக்கு ஆள் தேடும்போது மறைந்திருந்து போட்டோ எடுக்காதீர்கள். கேட்டுவிட்டு உட்காருங்கள். வியாபாரம் ஓய்ந்திருக்கும் மதிய வேளை நல்லது.

"அக்கா, ஒங்களப் பாத்து ஒரு படம் வரஞ்சுக்கிறவா?"

"வரஞ்சுக்கப்பா. பூவ மறைச்சு மட்டும் உக்காராத, யாவாரம் கெட்டுரும்."

அந்த ஒரு வரியே எனக்குப் படத்தின் அமைப்பைச் சொல்லிக்கொடுத்தது. பூவை எதுவும் மறைக்கக் கூடாது. கூடை முன்னால், வாழை நார் பக்கத்தில், தண்ணீர் தெளித்த ஈரத்துணி அதன்மேல்.

அங்கே உட்கார்ந்து பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புப் படங்கள் மட்டும் எடுங்கள். கைகளைத் தனியாக. பூத்தொடுக்கும் விரல்களை நாலைந்து நிலைகளில். நார் எந்த விரலைச் சுற்றி வருகிறது, எந்தக் கை மொட்டை வைக்கிறது, எந்தக் கை முடிச்சைத் தள்ளுகிறது என்பதைப் பார்த்துப் புரிந்துகொண்டு வரையுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். மினியேச்சரில் முகம் பெரும்பாலும் பக்கத்தோற்றம்தான். மூக்குத்தி, நெற்றிக் குங்குமம், காதோரம் நரைத்த முடி எதையும் விடாதீர்கள். போனும், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டியும், பிளாஸ்டிக் பையும் இருந்தால் அவற்றையும் எடுங்கள். அவற்றை வெட்டிவிட்டு 'பழைய அழகு' என்று படம் போடுவது அந்த அம்மாவுக்குச் செய்யும் அநியாயம். பெயரைப் படத்தில் எழுதலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தாள் ஒட்டுதல்

மரபான தாளுக்கு வஸ்லி என்று பெயர். மூன்று நான்கு மெல்லிய தாள்களைப் பசையிட்டு ஒன்றாக ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. கடையில் கிடைக்கும் 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளிலும் வரையலாம். வழவழப்பான ரகமாகக் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் ஒரு முறையாவது வஸ்லி செய்து பாருங்கள். மெல்லிய கோடு இழுக்கும்போது அதன் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

ஒரு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கஞ்சிப் பதம் வரும்வரை கிளறி, ஆறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது மரபு. அது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் துத்தமே வேண்டாம். அகலமான தூரிகையால் முதல் தாளில் பசையைத் தடவி, அடுத்த தாளை மேலே போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். இப்படி மூன்று தாள். பிறகு இரு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, நிழலில் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் அப்பளமாகச் சுருண்டுவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் தாளை இடையிடையே திருப்பி, உறிஞ்சுதாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடி மேலோ வழவழப்பான கிரானைட் மேலோ தாளை வைத்து மெருகிடுங்கள். இதற்கு அகேட் கல்தான் சிறந்தது. பொற்கொல்லர்களும் மெருகுக்கு அதைத்தான் வைத்திருப்பார்கள் என்பதால் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பெரிய சோழியின் முதுகு போதும். முதலில் நெடுக்கில், பிறகு குறுக்கில், அழுத்தம் ஒரே சீராக இருக்கட்டும். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பளபளப்புத் தெரிய வேண்டும்.

தூரிகையும் நிறமும்

அணில் வால் முடியில் தாங்களே தூரிகை கட்டிக்கொள்வது பழைய ஓவியர்களின் வழக்கம். நமக்கு அது வேண்டாம். நல்ல செயற்கை முடித் தூரிகையில் 000, 1, 3 என்ற மூன்று எண்கள் போதும். கீரி முடித் தூரிகை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வணிகமே குற்றம். மெல்லிய வேலைக்கு எண்ணைவிட நுனிதான் முக்கியம். கடையிலேயே தண்ணீரில் நனைத்து உதறிப் பாருங்கள். முடிகள் எல்லாம் ஒரே முனையில் கூடினால் அது நல்ல தூரிகை.

நிறத்துக்குக் கௌவாஷ் என்ற கெட்டி நீர்வண்ண டியூப்கள் எளிது. அடித்தாள் தெரியாமல் மூடும் தன்மை அதற்கு உண்டு. மினியேச்சருக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒன்றிரண்டு நிறங்களையாவது நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் காவிக்கட்டியும் கருவேலம் பிசினும் கிடைக்கும். காவியைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே கலங்கிய நீரை மட்டும் வேறு கிண்ணத்துக்கு ஊற்றிவிடுங்கள். அது தெளிந்து படிந்தால் கிடைப்பது வெண்ணெய் போன்ற நைசான காவி. பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கண்ணாடித் தகட்டில் அரையுங்கள். ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டு விரலால் தேய்த்தால் பதம் தெரிந்துவிடும். நிறம் விரலில் ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்து வெடித்தால் அதிகம்.

கறுப்புக்கு விளக்கில் பிடித்த மை. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் அது தண்ணீரோடு சேராது அடம்பிடிக்கும். பிசின் கரைசல் விட்டு நெடுநேரம் குழைக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள். சாதிலிங்கமும் அரிதாரமும் பழைய ஓவியங்களின் சிவப்பும் மஞ்சளும்தான். ஆனால் ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்சனிக். அவற்றை அரைக்கவே கூடாது, அந்த நிறங்களை டியூபில் வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். தலைமுடிச் சாயத்துக்கு விற்கும் அவுரிப் பொடி காய்ந்த இலைப் பொடி, அதிலிருந்து ஓவிய நீலம் வராது. இலையை ஊறவைத்து எடுத்த நீலக்கட்டிதான் வேண்டும்.

கலந்த நிறங்களைச் சிப்பி ஓடுகளில் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். காய்ந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீரில் உயிர் வந்துவிடும்.

தாளில் இடம் பிரித்தல்

தாளின் நான்கு பக்கமும் 3.5 செ.மீ. ஓரப்பட்டைக்கு விடுங்கள். நடுவில் ஏறக்குறைய 14 செ.மீ. அகலமும் 22 செ.மீ. உயரமும் மிஞ்சும். அதுதான் அரசவை.

நாம் பள்ளியில் கற்ற தூரக் காட்சி விதியை, தூரத்தில் போகப் போகச் சிறுத்து ஒரு புள்ளியில் சேரும் அந்த முறையை, இங்கே ஓரமாக வைத்துவிட வேண்டும். மினியேச்சரில் தரையை மேலிருந்து பார்ப்போம், சுவரை நேரே பார்ப்போம், மனிதரைப் பக்கவாட்டில் பார்ப்போம், மூன்றும் ஒரே படத்தில். தெருத் தரை ஒரு விரித்த பாய் மாதிரி தாளில் மேல்நோக்கி எழட்டும். கூடையின் வாயை மேலிருந்து பார்த்த வட்டமாக வரையுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் பூ முழுக்கத் தெரியும். குடை பக்கவாட்டில், அரைவட்டமாக. கோயில் மதிலின் காவி-வெள்ளைப் பட்டைகளை எந்தச் சரிவும் இல்லாமல் நேர்நேராக, படத்தின் மேல் பாதிக்குப் பின்னணியாக. கோபுரத்தை முழுசாகக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கோபுரம் வந்தால் படம் கோபுரத்தினுடையதாகிவிடும். அதன் அடித்தளத்தை மட்டும் காட்டி மேல்விளிம்பில் வெட்டிவிடுங்கள்.

பூக்காரம்மாவின் உருவம் 9 செ.மீ. உயரம் இருக்கட்டும், வாங்க வருகிறவர்கள் 4 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். ராஜபுத்திர ஓவியங்களில் அரசர் பரிவாரத்தைவிடப் பெரிதாக இருப்பார். அந்த உரிமையை இப்போது இவருக்குக் கொடுக்கிறோம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டுமா என்று யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றே சொல்கிறேன். குடை போதும். ஒளிவட்டம் போட்டால் அவரைத் தெய்வமாக்கிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் கணக்குப் பார்க்கிற, பேரம் பேசுகிற மனுஷி.

அதிகாலைக் காட்சி வரைய நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மினியேச்சரில் இரவை இருட்டாக வரைய வேண்டியதில்லை. வானத்தை ஆழ்ந்த நீலமாக்கி ஒரு விளக்கையோ நிலவையோ வைத்தால் அது இரவு. மனிதர்களின் முகமும் உடையும் பகலில் போலவே துலங்கும். நம் காலத்துக்கு அது டியூப்லைட்டாக இருக்கட்டும்.

கோடு

வரைபடத்தை வேறு தாளில் முழுசாகத் தீர்த்துக்கொண்ட பிறகே வஸ்லிக்கு வாருங்கள். டிரேசிங் தாளில் கோடுகளை எடுத்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, வஸ்லிமேல் வைத்து, மெல்லிய துணியில் கட்டிய கரித்தூளால் ஒற்றினால் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கும். இந்தத் துளைத் தாளுக்குக் காகா என்று பட்டறைப் பெயர். ஒரு தடவை செய்துவைத்தால் எத்தனை முறையும் பயன்படும்.

புள்ளிகளை இணைத்து நீர்த்த காவியில் கோடு போடுங்கள். அதன்மேல் மிக மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்று, கோடு மங்கலாகத் தெரியும் அளவுக்கு. காய்ந்ததும் மெருகிட்டு, திருத்த வேண்டியவற்றைத் திருத்திக்கொண்டே கறுப்பில் மறுபடி வரையுங்கள். பழைய ஓவியர்கள் தங்கள் தடுமாற்றங்களை எல்லாம் இந்த வெள்ளைக்கு அடியில்தான் விட்டுவைத்தார்கள்.

சம்மணமிட்டு உட்கார்ந்து, பலகையை முழங்காலில் சாய்த்து, சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொண்டு வரைந்து பாருங்கள். மேசையைவிட இது கைக்கு நிதானம் தரும். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தூரிகை நுனியிலேயே நிறம் காய்ந்துவிடும். மதுரை வெயிலில் இது கஷ்டம்தான், அதனால் விடியற்காலையை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

நிறம் பூசி மெருகிடுதல்

பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு வாருங்கள். மதில், தரை, குடை, சேலை, உடல், கடைசியில் சிறுபொருள்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று. ஒன்று முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. பெரிய பரப்புகள் முடிந்ததும் படத்தைச் சுத்தமான கண்ணாடிமேல் குப்புறப் போட்டு, பின்பக்கத்திலிருந்து கல்லால் தேயுங்கள். நிறம் தாளுக்குள் இறங்கிச் சமமாகி, பற்சிப்பியைப் போலத் துலங்கத் தொடங்கும்.

நிறத் தேர்வில் நம் ஊரைக் கேளுங்கள். மதிலின் காவிக்கு நீங்கள் அரைத்த காவியையே பூசுங்கள். நிஜமும் படமும் ஒரே மண்ணாகிவிடும். சேலைக்குச் சுங்குடியைப் பரிந்துரைப்பேன். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் துணியை முடிந்து சாயமேற்றியதால் வந்தவை. ஒவ்வொன்றும் சற்றே ஒழுங்கு தவறிய சின்ன வளையம், நடுவில் ஒரு பொட்டு நிறம். அச்சடித்த வட்டமாக வரைந்துவிட்டால் சேலை செத்துப்போகும். மடிப்பு விழுகிற இடத்தில் புள்ளிகள் நெருங்கட்டும்.

பர்தாக்த்

மினியேச்சரின் உயிர் இந்த வேலையில்தான் இருக்கிறது. நிழலைத் தூரிகையால் கலைத்துப் பரப்பாமல், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்கோடுகளையும் புள்ளிகளையும் அடுக்கி உருவாக்குவது பர்தாக்த். 000 தூரிகையை நிறத்தில் தோய்த்து, துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்த்திவிட்டு, நுனி மட்டும் தாளைத் தொடும்படி வேலை செய்ய வேண்டும். கன்னத்தில் கோடுகள் கன்னத்தின் வளைவோடு போகட்டும், கையில் நரம்போடு. அடிநிறத்தைவிட ஒரே ஒரு படி ஆழ்ந்த நிறத்தில் தொடங்கி, அடுக்கடுக்காக இறக்குங்கள்.

முகத்தைவிட விரல்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். நாரின் ஈரமும் வேலையும் சேர்ந்து ஆட்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கும். குறிப்புப் படத்தில் எடுத்திருந்தால் அதை இங்கே நாலைந்து கோடுகளில் கொண்டுவரலாம். அரசரின் வாளுக்கும் மோதிரத்துக்கும் எத்தனை கவனம் கொடுத்தார்களோ அத்தனையும் இந்த விரலுக்குக் கொடுக்க வேண்டும். நம் ஓவியர்கள் பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான், அவசரம் உடனே தெரிந்தும் விடும்.

மல்லிகை

மெருகிடும் வேலை முழுவதும் முடிந்த பிறகே பூவுக்கு வாருங்கள். காரணம் சொல்கிறேன். ராஜபுத்திர ஓவியர்கள் முத்துமாலை வரைய, கெட்டியான வெள்ளையைச் சொட்டாக வைத்துக் காயவிடுவார்கள். முத்து தாளிலிருந்து மேலெழுந்து நிற்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். மல்லிகை மொட்டுக்கும் இதே உத்தியைக் கையாளலாம். பிறகு கல் பட்டால் அத்தனையும் நசுங்கிப்போகும்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடித்தது, காம்பு நீண்டது. முதலில் இளம்பச்சையில் மயிரிழை மாதிரிக் காம்பைக் கோடிடுங்கள். துத்தநாக வெள்ளையில் பிசின் சற்றுக் கூட்டி, தூரிகை நுனியில் ஒரு துளி எடுத்து, காம்பின் தலையில் வைத்துவிட்டு நேரே மேலே தூக்குங்கள். இழுக்கக் கூடாது. தூக்கும்போது நுனியில் ஒரு சின்னக் கூர் விழும். அதுவே மொட்டின் முனை. காயும்வரை பலகையைச் சாய்க்காதீர்கள். காய்ந்ததும் அடியில் மட்டும் நீர்த்த பச்சை ஒரு தொடுதல். கூடைக்குள் எல்லா மொட்டும் வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்புக் குவியலாகத் தெரியும். அடியில் இருப்பவற்றைச் சாம்பல் கலந்த பச்சையில் தட்டையாக வரைந்துவிட்டு, மேலடுக்குக்கு மட்டும் இந்த எழும்பிய சொட்டு. தொடுத்த சரத்தில் மொட்டுகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், நடுவே நாரின் முடிச்சு.

தங்கம் பூசும் ஆசை இருந்தால் ஒரே இடத்தில், மூக்குத்தியில், வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓரப்பட்டை

இனி ஹாஷியா. பூக்கொடி வரைந்து நிரப்பிவிடலாம்தான், ஆனால் நல்ல வாய்ப்பு வீணாகும். பூவின் வழியை அங்கே சொல்லுங்கள். இடது பட்டையில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் குனிந்து மொட்டுப் பறிக்கும் பெண்கள். மேல் பட்டையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மூட்டைகளும் தராசும். அதற்குள்ளேயே நம் பூக்காரம்மா, சின்ன உருவத்தில், பேரம் பேசிக்கொண்டு. வலது பட்டையில் கூடையோடு ஷேர் ஆட்டோவில் அவரே மறுபடி. ஒரே ஆள் ஒரே தாளில் பல நேரங்களில் தோன்றும் உத்தி இது. எல்லாவற்றையும் ஒரே நிறத்தில், இளங்காவிக் கோட்டில் மட்டும் வரைந்தால் நடுப்படத்தோடு சண்டை போடாது.

கீழ்ப் பட்டையை எழுத்துக்கு விடுங்கள். நாயக்கர் கால ஓவியத்தில் போலச் சுருக்கமாக: இன்னார், இன்ன வீதி, இன்ன நாள், முழம் இன்ன விலை. முகலாய அரசவைப் படங்களில் பெயர் எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள். பூக்காரம்மா சம்மதித்திருந்தால் அவர் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதுங்கள். சம்மதிக்கவில்லையென்றால் 'பூக்காரம்மா' என்பதே போதும். உங்கள் கையொப்பம் பிச்சித்ரைப் போல மூலையில், சின்னதாக.

தனியாகச் செய்வது மலைப்பாக இருந்தால் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்பரின் பட்டறையில் ஒருவர் அமைப்பை வரைவார், இன்னொருவர் நிறம் பூசுவார், முகத்துக்கென்றே தனி ஆள் இருப்பார். 2003-ல் லாகூரில் பயின்ற ஆறு ஓவியர்கள், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டே, தாள்களை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பி, ஒவ்வொருவரும் ஓர் அடுக்கைச் சேர்த்து 'கார்கானா' என்ற வரிசையை முடித்தார்கள். மதுரை, திருமங்கலம், மேலூர் என்று மூன்று நண்பர்கள் பஸ்ஸிலேயே இதைச் செய்யலாம்.

சட்டமும் பாதுகாப்பும்

எழும்பிய மொட்டுகள் கண்ணாடியில் படக் கூடாது. நடுவில் ஜன்னல் வெட்டிய கனமான அட்டையை வைத்துத்தான் சட்டம் போட வேண்டும். அமிலம் இல்லாத அட்டையாகக் கேளுங்கள், சாதா அட்டை சில வருடங்களில் தாளை மஞ்சளாக்கும். நேர் வெயில் விழும் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சட்டத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். தாளின் பின்புறம் பென்சிலில் பொருள்களைக் குறித்துவையுங்கள்: வஸ்லித் தாள், காவி, விளக்கு மை, கௌவாஷ், வருடம். கண்காட்சிக்கு அனுப்பும்போது கேட்பார்கள், பின்னாளில் பழுது பார்க்கிறவருக்கும் உதவும்.

சட்டம் போடுவதற்கு முன்பே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, தரமான அச்சு ஒன்றைப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். படம் விற்றால் அவருக்கும் ஒரு பங்கு போவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு படத்தோடு நிறுத்தாமல் வரிசையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு மரபிலேயே வழி இருக்கிறது. ராஜஸ்தானின் பூந்தி, கோட்டா ஊர்களின் ஓவியர்களும் பகாரி ஓவியர்களும் பாரமாசா என்று 12 மாதங்களையும் மாதத்துக்கு ஒரு தாளாக வரைந்தார்கள். அந்தந்த மாதத்து வானம், மரம், திருவிழா, பிரிவு, கூடல். மதுரையில் வீதிகளின் பெயரே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதக் கணக்கில் கோயிலைச் சுற்றி வட்டம் போடுகிறது. வீதிக்கு ஒரு தாள், ஒவ்வொன்றிலும் குடையின் கீழ் வேறொருவர்: பழம் விற்பவர், சாவி செய்பவர், செருப்புத் தைப்பவர். துளைத்தாளில் குடையை ஒருமுறை எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, எல்லாத் தாளுக்கும் அதே இடத்தில் அதையே இறக்கிக்கொள்ளலாம்.